சுருளியோடு கடலோரம்: ஒரேகானில் நாயையும் ஏற்றிக்கொண்டு ஆர்வி ஓட்டுவது எப்படி

அமெரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் ஒரேகான் மாநிலத்தில், ஜூலைக் கடைசியில் எங்கள் ஊரான ஹில்ஸ்பரோவில் 38 டிகிரி கொளுத்தும் நாளில், மேற்கே எழுபது மைல் ஓட்டிப் போனால் கேனன் பீச்சில் 17 டிகிரிதான் இருக்கும். தேனிப் பக்கத்துக் கம்பத்தில் வெயில் தாங்காமல் மேகமலைக்கு ஏறுவோமே, அதற்கு நேர்மாறாக இங்கே குளிருக்காகக் கடலுக்கு இறங்குகிறோம். முதல் தடவை போனபோது என் மாமியார் பருத்திச் சேலையோடு மணலில் இறங்கி ஐந்தே நிமிடத்தில் வண்டிக்குத் திரும்பிவிட்டார். கடற்கரையில் குளிரும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அதனால் ஆகஸ்ட் மாதமே ஆனாலும் கம்பளிச் சட்டையும் காற்றுப் புகாத ஜாக்கெட்டும் எடுத்து வையுங்கள். மற்றதை எல்லாம் பிறகு பேசலாம்.

சுருளி எங்கள் நாய். காப்பகத்திலிருந்து வந்தவன், 22 கிலோ, என்ன இனம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. வால் ஜாங்கிரி மாதிரி சுருண்டிருப்பதால் அந்தப் பெயர். புண்ணிய தீர்த்தத்தின் பெயரை நாய்க்கு வைத்துவிட்டாயே என்று என் அம்மாவுக்கு இன்னும் கோபம். நாலு வருடமாக 24 அடி கிளாஸ் சி ஆர்வி (வேன் முகப்போடு, படுக்கையும் அடுப்பும் உள்ளேயே இருக்கும் வீட்டு வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்து கடலோர 101 நெடுஞ்சாலையில் போய்வருகிறோம். ஓட்டுவது நான். வீட்டுக்காரர் முதல் பாலத்திலேயே கண்ணை மூடிக்கொள்வார்.

அஸ்டோரியாவிலிருந்து புரூக்கிங்ஸ் வரை ஒரேகான் கடற்கரை 363 மைல். காரில் இரண்டு நாளில் முடித்துவிடலாம். நாயோடு ஆர்வியில் போகிறவர் ஒரு நாளைக்கு 80 மைலுக்கு மேல் திட்டம் போடக் கூடாது. முதல் வருடம் நாங்கள் 140 மைல் போட்டோம். சாயங்காலம் ஆறு மணிக்கு முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்குத் தோள்பட்டை கழன்றிருந்தது, சுருளி இரண்டு முறை வாந்தி எடுத்திருந்தான், கடல் எந்தப் பக்கம் இருந்தது என்றே எங்களுக்கு ஞாபகம் இல்லை.

கிளம்பும் முன்

வாடகை வண்டி என்றால் முதலில் நாய்க்கு அனுமதி உண்டா, அதற்குத் தனிக் கட்டணம் எவ்வளவு, ஒரு நாளைக்கு எத்தனை மைல் சேர்த்தி என்று கேட்டுவிடுங்கள். சாவி வாங்கிய கையோடு சோஃபா, மெத்தை, கதவின் கீழ்ப்பகுதி எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய நாய் பிறாண்டியதற்கு உங்கள் நாய் பணம் கட்ட வேண்டியதில்லை.

வண்டியை ஒரு நாள் முன்னதாகவே எடுத்து வந்து வீட்டு வாசலில் நிறுத்துங்கள். (எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு ஆர்வி என்றாலே ஆகாது, ஒரு ராத்திரிதான் விட்டார்கள்.) நாயின் படுக்கையை உள்ளே போட்டு, அன்று ராத்திரி சாப்பாட்டை அங்கேயே வையுங்கள். ஃபிரிட்ஜ் உறுமுவது, தண்ணீர் பம்ப் படபடப்பது, ஹீட்டர் திடீரென்று மூச்சு விடுவது இதெல்லாம் வண்டி நிற்கும்போதே அதற்குப் பழகிவிட வேண்டும். சுருளிக்குப் பம்ப் சத்தம்தான் பேய். யாராவது கை கழுவினால் மேசைக்கு அடியில் போய்விடுவான். வாசலில் நின்ற அந்த ஒரு ராத்திரியில் இருபது தடவை குழாயைத் திறந்து மூடி, ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டு கோழி கொடுத்தேன். மறுநாள் பம்ப் சத்தம் கேட்டால் என் கையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

ஓடும்போது நாயை அவிழ்த்துவிடாதீர்கள். சாப்பாட்டு மேசை இருக்கையின் சீட் பெல்ட்டில் ஹார்னஸை (மார்பைச் சுற்றும் பட்டை) மாட்டுங்கள், கழுத்துப் பட்டையில் மாட்ட வேண்டாம். பின்னால் இருக்கும் கட்டில் வசதியாகத் தெரியும். ஆனால் அது பின் சக்கரத்துக்கும் பின்னால் தொங்கும் பகுதி, வண்டி ஒரு குழியில் இறங்கினால் அங்கே ஊஞ்சல் மாதிரி தூக்கிப் போடும். வாந்திக்கு அதுதான் காரணம் என்று எங்களுக்கு இரண்டாம் நாள்தான் உறைத்தது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் உட்கார வைத்த பிறகு வாந்தியே இல்லை. சத்தத்துக்கும் வழி உண்டு: அடுப்பின் இரும்புக் கம்பிகளுக்கு அடியில் ஒரு துண்டு, தட்டுகளுக்கு நடுவில் ஒரு துண்டு. பாத்திரம் கடகடப்பது நின்றால் நாயின் நடுக்கமும் பாதி குறையும்.

சுவர் வெளியே நீளும் வகை வண்டி என்றால், உள்ளே இழுக்கும் பொத்தானை அழுத்தும் முன் நாய் எங்கே என்று கண்ணால் பாருங்கள். கூப்பிட்டால் வந்துவிடும் என்று நம்பாதீர்கள்.

ஓட்டுவது

வடக்கிலிருந்து தெற்காகப் போங்கள். அமெரிக்காவில் வலப்பக்கம் ஓட்டுவதால் தெற்கே போகும்போது கடல் உங்கள் வரிசைப் பக்கம் இருக்கும். காட்சி முனைகளுக்கு வலது பக்கம் ஒதுங்கினால் போதும், எதிர் வரிசையைக் குறுக்கே கடக்க வேண்டாம். கோடையில் காற்றும் வடமேற்கிலிருந்துதான் வீசும், அதாவது முதுகுப் பக்கமாக.

வண்டியின் உயரத்தை அடிக்கணக்கில் ஒரு சீட்டில் எழுதி ஸ்டியரிங் பக்கத்தில் ஒட்டுங்கள். கேனன் பீச்சுக்குத் தெற்கே ஆர்ச் கேப் சுரங்கத்தில் சைக்கிள்காரர்கள் பொத்தானை அழுத்தினால் வாசலில் மஞ்சள் விளக்கு மின்னும். மின்னினால் உள்ளே சைக்கிள் இருக்கிறது என்று பொருள், ஊர்ந்து போங்கள். பின்னால் நாலைந்து கார் சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழி விடுங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. நியூபோர்ட்டில் 1936இல் கட்டிய யக்வினா பே பாலத்தில் பிற்பகல் காற்று பக்கவாட்டில் தள்ளும், இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்கட்டும். காலை பத்து மணிக்கு முன் பாலங்களைத் தாண்டுவது என் வழக்கம். எக்கோலா பூங்காவுக்குப் போகும் பாதை ஒடுக்கமும் வளைவுமாக இருக்கும். ஆர்வியை அங்கே கொண்டு போகாதீர்கள்.

பெட்ரோல் பங்க் பற்றி ஒரு வார்த்தை. ஒரேகானில் 2023 ஆகஸ்ட் வரை பெரும்பாலான இடங்களில் நாமே நிரப்பிக்கொள்ள சட்டம் விடவில்லை, ஊர் மாதிரி ஆள்தான் வந்து போடுவார். இப்போது இரண்டு வகையும் உண்டு. எனக்கு ஆள் போடுவதுதான் பிடிக்கும், அந்த நேரத்தில் சுருளியை இறக்கிவிடலாம்.

தங்குவதற்கு மாநிலப் பூங்காக்கள் போதும். ஆறு மாதம் முன்னதாகவே பதிவு திறக்கும், கோடையின் வெள்ளி, சனி ராத்திரிகள் அன்றே தீர்ந்துவிடும். எங்கள் வரிசை இது: ஃபோர்ட் ஸ்டீவன்ஸ், கேப் லுக்அவுட், பெவர்லி பீச், ஃபுளோரன்ஸ் பக்கத்து ஹனிமன், பேண்டனில் புல்லர்ட்ஸ் பீச், கடைசியில் புரூக்கிங்ஸில் ஹாரிஸ் பீச். ஒவ்வொன்றிலும் இரண்டு ராத்திரி. ஃபோர்ட் ஸ்டீவன்ஸில் 1906இல் கரைதட்டிய பீட்டர் ஐரடேல் கப்பலின் இரும்பு எலும்பு இன்னும் மணலில் நிற்கிறது. சுருளிக்கு அது காலைத் தூக்கும் இடம். பெவர்லி பீச்சில் முகாம் நெடுஞ்சாலைக்கு இந்தப் பக்கம், கடல் அந்தப் பக்கம். பாலத்துக்கு அடியில் நடந்தே போய்விடலாம், நாயோடு சாலையைக் கடக்க வேண்டியதில்லை. இரண்டு ராத்திரி போதாது என்று எனக்குத் தோன்றும் ஒரே இடம் அதுதான். பதிவு செய்யும்போது இடத்தின் நீளத்தைப் பாருங்கள், 30 ஆம்பியர் மின்சாரம் உண்டா என்றும் பாருங்கள்.

செப்டம்பர் முதல் திங்கட்கிழமை விடுமுறை முடிந்ததும் போக முடிந்தால் அதுதான் உத்தமம். கூட்டம் இருக்காது, ஜூலையின் மூடுபனியும் காற்றும் குறைந்திருக்கும்.

கரையில் இறங்கிய பிறகு

இந்தக் கரை முழுக்கப் பொதுமக்களுக்குத் திறந்தது. 1913இல் ஆளுநர் ஆஸ்வால்ட் வெஸ்ட் காலத்தில் ஈர மணலைப் பொது நெடுஞ்சாலை என்று சட்டம் அறிவித்தது. 1967இல் வந்த கடற்கரைச் சட்டம் உலர்ந்த மணலையும் பொதுமக்கள் பயன்பாட்டுக்கு உறுதி செய்தது. அதனால் எந்த ஹோட்டலும் ‘இது எங்கள் கரை’ என்று உங்களை விரட்ட முடியாது. நாயைக் கூட்டிக்கொண்டு எத்தனையோ மைல் நடக்கலாம். பூங்கா முகாமுக்குள் ஆறடிக்கு மேல் நீளாத லீஷ் (பிடிகயிறு) கட்டாயம். திறந்த கரையில் நாய் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், லீஷ் கையில் இருக்க வேண்டும். கூப்பிட்டால் திரும்பி வராத நாயை அவிழ்க்காதீர்கள், சட்டம் என்ன சொன்னாலும் சரி.

ஒரு விலக்கு உண்டு. நம் ஊர்க் கரையில் ஓடும் உப்புக்கொத்தியின் நெருங்கிய உறவான ஸ்னோயி பிளவர் என்ற சின்னப் பறவை இங்கே வெறும் மணலில் முட்டையிடும். மார்ச் 15 முதல் செப்டம்பர் 15 வரை அது கூடு கட்டும் பகுதிகளில் கயிறும் பலகையும் இருக்கும். அங்கே லீஷில் கட்டியிருந்தாலும் நாய்க்கு அனுமதி இல்லை. நாய் முட்டையை மிதிக்கக்கூட வேண்டாம். நாயைப் பார்த்துத் தாய் எழுந்து ஓடினாலே போதும், காகம் வந்து முட்டையைத் தூக்கிவிடும். ஃபுளோரன்ஸுக்குத் தெற்கே மணல்மேடுகள் தொடங்கியதும் பலகைகளைப் படித்துக்கொண்டே நடங்கள்.

கரையில் தனியாகப் படுத்திருக்கும் சீல் குட்டியைப் பார்த்தால் அது அநாதை என்று நினைக்காதீர்கள். தாய் மீன் பிடிக்கப் போயிருக்கும். அதைத் தொந்தரவு செய்வது 1972ஆம் வருடத்துக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம், அது நாய்க்கும் நல்லதல்ல. கடல் சிங்கங்களிடமிருந்து நாய்க்கு எலிக் காய்ச்சல் (லெப்டோ) தொற்றலாம். கிளம்பும் முன் லெப்டோ தடுப்பூசி போட்டாயிற்றா என்று பாருங்கள்.

அடுத்தது ஏற்றவற்றம். மெரினாவில் கடல் ஏறி இறங்குவது அதிகம் போனால் ஒரு மீட்டர், நமக்கு அது கண்ணிலேயே படாது. இங்கே இரண்டு மீட்டரைத் தாண்டும். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம், ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அட்டவணை பார்க்காமல் நடந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கு ஹக் பாயின்ட் சொல்லிக்கொடுத்தது. நெடுஞ்சாலை வரும் முன் குதிரை வண்டிகள் கரையிலேயேதான் ஓடின. அந்த முனையைச் சுற்றிப் போகப் பாறையை வெட்டிப் போட்ட பாதையில் சக்கரத் தடம் இன்னும் பள்ளமாக இருக்கிறது. நாங்கள் அந்தத் தடத்தில் கால் வைத்து நடந்து, அந்தப் பக்கம் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டோம். நாற்பது நிமிடம்தான். திரும்பும்போது பாதையின் மேல் வெள்ளை நுரை. சுருளி முன்னங்கால் இரண்டையும் ஊன்றி, வரமாட்டேன் என்று பின்னால் சாய்ந்து நின்றுவிட்டான். வீட்டுக்காரர் 22 கிலோவையும் ஆட்டுக்குட்டி மாதிரி தோளில் போட்டுக்கொண்டு, ஓர் அலை போய் அடுத்தது வருவதற்குள் முழங்கால் தண்ணீரில் கடந்தார். பாலத்தில் கண்ணை மூடுகிறவர்தான்! அன்றிலிருந்து வற்றம் உச்சத்துக்கு வரும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக இறங்குவோம், அந்த நேரம் வந்ததும் திரும்பிவிடுவோம்.

கடலுக்கு முதுகைக் காட்டாதீர்கள் என்று இங்கே பலகை வைத்திருப்பார்கள். பத்துப் பதினைந்து சாதாரண அலைக்குப் பிறகு திடீரென்று ஒன்று கரையில் வெகுதூரம் ஏறிவரும். கரையில் கிடக்கும் மரக்கட்டை அசையாது என்று நினைத்து உட்காருவோம்; ஓரடித் தண்ணீர் கூட வேண்டாம், அது மிதந்து உருண்டு ஆளை நசுக்கிவிடும். கோடையிலும் கடல் நீர் 10, 12 டிகிரிதான். பந்தை அலைக்குள் எறியாதீர்கள். நாய் இழுபட்டால் பின்னாலேயே பாய்ந்து போகிற ஆள்தான் போய்விடுகிறார், நாய் பெரும்பாலும் தானே கரையேறிவிடும்.

முகாமில் நின்றதும் முதல் வேலையாக சுனாமி வெளியேறும் பாதைப் பலகை எந்தப் பக்கம் காட்டுகிறது என்று பாருங்கள். இந்தக் கரைக்கு வெளியே கடலடியில் பெரிய பிளவு இருக்கிறது, 1700 ஜனவரியில் அது கடைசியாக உடைந்து வந்த அலை ஜப்பான் வரை போனது. நிலம் பலமாக நடுங்கினால் வண்டியைக் கிளப்பாதீர்கள். லீஷையும் செருப்பையும் எடுத்துக்கொண்டு மேட்டுக்கு நடங்கள். அதற்காகவே எங்கள் லீஷ் கதவுக் கைப்பிடியில்தான் தொங்கும்.

ஈர நாயும் தாளிப்பும்

பூத்துவாலை வேண்டவே வேண்டாம். இந்தப் பனிக்காற்றில் அது மூன்று நாளானாலும் காயாது, வண்டி முழுக்கப் புளித்த வாடை அடிக்கும். ஈரோட்டுத் துண்டு எட்டு எடுத்துப் போங்கள். ஒன்றால் மணலைத் தட்டி, இன்னொன்றால் துடைத்து, பிழிந்து கண்ணாடிப் பக்கம் தொங்கவிட்டால் ஒரு ராத்திரி ஹீட்டரில் காய்ந்துவிடும். படியில் ஏறும் முன் கால் நாலையும் ஒரு சின்ன வாளியில் முக்குங்கள், விரல் இடுக்கில் உப்பு மணல் தங்கினால் நக்கி நக்கிப் புண்ணாக்கிவிடும். தூங்கும்போது கூரைத் துவாரத்தை ஓர் அங்குலம் திறந்து வையுங்கள். ஈர நாய் ஒன்றும் ஆள் இரண்டும் விடும் மூச்சில் காலையில் சுவர் வேர்த்திருக்கும்.

கரையில் குடிக்க நல்ல தண்ணீரை நீங்களே அடிக்கடி நீட்டுங்கள். தாகம் எடுத்தால் கடல் தண்ணீரைக் குடித்துவிடும், அப்புறம் ராத்திரி முழுக்கப் பேதி.

கடுகு தாளித்தால் ஆர்வியின் புகை எச்சரிக்கை மணி அலறும். முதல் நாள் ரசத்துக்கு அலறியதில் சுருளி ஜன்னல் திரையைக் கிழித்தான். இப்போது தாளிப்பை வீட்டிலேயே செய்து சின்ன டப்பாவில் எடுத்துப் போகிறேன். நாய்க்கு வெறும் தயிர்சாதம் கொடுக்கலாம். வெங்காயம், பூண்டு சேர்ந்த எதுவும் கூடாது. திராட்சையும் கூடாது, காய்ந்த திராட்சையும் கூடாது, அதாவது பாயசக் கிண்ணத்தைக் கீழே வைக்காதீர்கள்.

வெளியே 16 டிகிரி என்பதால் நாயை வண்டியில் விட்டுப் போகலாம் என்று தோன்றும். மூடுபனி விலகி வெயில் முன்கண்ணாடியில் விழுந்தால் உள்ளே சட்டென்று ஏறிவிடும். புரூக்கிங்ஸில் இன்னும் கவனம்: கிழக்கிலிருந்து மலையிறங்கும் காற்று அடிக்கும் நாளில் அந்த ஊர் மட்டும் 30 டிகிரியைத் தாண்டும்.

புரூக்கிங்ஸோடு நாங்கள் திரும்பிவிடுவோம். அதற்குத் தெற்கே ரெட்வுட் தேசியப் பூங்காவின் பெரும்பாலான நடைபாதைகளில் நாய்க்கு இடமில்லை. மேலே போகிறவர்கள் கலிஃபோர்னியா எல்லைச் சாவடியில் கறிவேப்பிலையைக் கொடுத்துவிடத் தயாராக இருங்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி அதிலும் வாழும்.

மீன்

எல்லாவற்றையும் விட்டாலும் இதை மட்டும் விடாதீர்கள். இரண்டாம் வருடம் செப்டம்பரில் ஓர் ஆற்றுமுகத்துப் படகுத்துறையில் மீன் சுத்தம் செய்யும் மேசை பக்கமாக நடந்தோம். நான் செல்போனில் வற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சுருளி வாயில் எதையோ மென்றான். இழுத்துத் திறந்தபோது செதில் ஒன்றுதான் மிச்சம். மீன்தானே, நம் ஊர் நாய்கள் கருவாட்டுத் தலை தின்னாததா என்று விட்டுவிட்டேன்.

வீடு திரும்பி ஆறாம் நாள் அவன் தயிர்சாதத்தை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தான். காய்ச்சல், வாந்தி, பேதி. தாடைக்குக் கீழே தொட்டால் நெல்லிக்காய் அளவுக்கு இரண்டு கட்டி. முதலில் பார்த்த மருத்துவமனையில் பயணத்தில் சாப்பாடு மாறியதால் வந்தது என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வேறு ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அந்த அம்மா கேட்ட முதல் கேள்வி: “பச்சை மீன் ஏதாவது தின்றானா?”

சால்மன் பாய்சனிங் என்கிறார்கள், ஆனால் இதில் விஷம் எதுவும் இல்லை. இந்தப் பக்கத்து ஆறுகளில் வாழும் ஒரு நத்தையிலிருந்து தட்டைப்புழு ஒன்று சால்மன், டிரவுட் மீன்களுக்குள் போகிறது. அந்தப் புழுவுக்குள் ஒரு பாக்டீரியா இருக்கிறது. பச்சை மீனோடு அது நாயின் குடலுக்குள் போனால், சிகிச்சை இல்லாத நாய்களில் பெரும்பாலானவை இரண்டு வாரத்துக்குள் செத்துவிடும். மனிதர்களுக்கும் பூனைக்கும் இந்த நோய் வராது. மலத்தை நுண்ணோக்கியில் பார்த்துப் புழு முட்டையைக் கண்டுபிடித்தார்கள். டாக்சிசைக்ளின், புழுவுக்கு ஒரு மருந்து, இரண்டு நாள் நரம்பில் திரவம். மூன்றாம் நாள் எழுந்து வந்து என் தட்டைப் பார்த்தான். நன்றாக வெந்த மீன் என்றால் இந்த ஆபத்து இல்லை.

இப்போதெல்லாம் படகுத்துறை, ஆற்றங்கரை, மீன் மேசை எங்கே போனாலும் சுருளிக்கு வாய்க்கூடை. திரும்பி வந்த தேதியை சமையலறைக் காலண்டரில் வட்டம் போட்டு, அங்கிருந்து இரண்டு வாரம் தள்ளி இன்னொரு வட்டம் போடுவேன். இரண்டு வட்டத்துக்கும் நடுவில் அவன் ஒரு வேளை சாப்பிட மறுத்தாலும், நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்காமல் நேரே டாக்டரிடம் போய், கடற்கரைக்குப் போய் வந்தோம், மீன் தின்றிருக்கலாம் என்று அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன்.